பாசி பாக்கச் சொன்ன டேங்க்கு

பவானிப் பக்கத்து நூல் மில்லுக்குப் புது மேனேஜர் வந்தாரு, தயாபரன்னு பேரு. ஏசி ரூம்ல உக்காந்து, போட்டோவப் பாத்தே மில்லு சாமானையெல்லாம் இனம் பிரிச்சு, இன்னதுக்கு இன்ன சோதனைன்னு எழுதிட்டாரு. அதுல கம்ப்ரசரோட காத்து டேங்க்கு, நீலப் பெயிண்ட் அடிச்ச பாவத்துக்கு, தண்ணி டேங்க்கோட சேந்துருச்சு.

ஹெல்ப்பர் மாராயி போய்ச் சொன்னா. "சார், அதுல காத்தை அடைச்சு வெச்சிருக்குதுங்க. வெடிக்காமத் தாங்குமான்னுதான் பாக்கோணும்."

"நீ எத்தனாவது படிச்ச?"

"மூணாவதுங்க."

"அப்பப் பேசாத. மூடியத் தொறந்து, பாசி இருக்கான்னு பாத்து, சாயங்காலத்துக்குள்ள ஃபாரத்துல எழுது. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

உள்ள காத்து முட்டிக்கிட்டு நிக்குது. மூடியத் தொட்டா ஆளே மிஞ்சாது.

"சரிங்க சார். ஆனா ஃபாரத்துல மொதக் கேள்வி, தண்ணி சுத்தமான்னுங்க. படிச்ச நீங்களே ஒரு டம்ளர் புடிச்சுப் பாருங்க, அப்புறம் நான் மூடியத் தொறக்கறேன்."

அவரக் கம்ப்ரசர் பக்கம் கூட்டிட்டுப் போய், டேங்க்குக்கு அடியில இருந்த சின்னக் குழாயக் காட்டுனா. மேனேஜர் டம்ளர வெச்சுத் திருகுனாரு. புஸ்ஸ்ஸுன்னு ஒரு சீறல்! டம்ளர் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், மேனேஜர் பஞ்சு மூட்டைக்குப் பின்னால.

மாராயி குழாய மூடிட்டுப் பேனாவ எடுத்தா. "தண்ணி நல்ல சுத்தமுங்க. அடுத்தது பாசி. மூடியத் தொறக்கட்டுங்களா?"

"ஐயோ, தொறக்காத தாயி! மெஷின நிறுத்து!"

"நிறுத்தறேனுங்க. இது என்ன டேங்க்குன்னு எழுதட்டும்?"

மூட்டைக்குப் பின்னால இருந்து சத்தம் மட்டும் வந்துச்சு. "நீ சொன்னதையே எழுது தாயி."