ஊர்வாய் கட்டிய தடுப்பு

பொற்காவூருக்கு வருஷா வருஷம் மாசித் திருவிழா வந்தது. கூடவே ஒரு தோல்வியும் வந்தது. பக்கத்து நாடான கல்லாங்காட்டிலிருந்து சடுகுடு அணி வரும், ஆடும், ஜெயித்துவிட்டுப் பாயசமும் குடித்துவிட்டுப் போகும். பொற்காவூர் அணியில் பாடிப் போகிற இருவரும் கெட்டிக்காரர்கள்தான். எதிராளி பாடி வரும்போது பிடிக்க நின்ற ஐந்து பேர்தான் வினை. ஆளாளுக்கு நெற்குதிர் மாதிரி இருப்பார்கள். வந்தவன் தொட்டுவிட்டுத் தன் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பியே பார்ப்பார்கள்.

ராஜா விருத்தகிரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, சூரக்குட்டி என்ற புது ஆசானை நியமித்தார். சூரக்குட்டி வந்த அன்றே சொல்லிவிட்டார். "பழைய ஐவருக்கும் ஓய்வு. ஒல்லியான இளவட்டங்களை எடுத்து, கணுக்காலில் பிடி போடப் பழக்கப் போகிறேன்."

அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது.

"மலை மாதிரி நின்றால்தானே வருகிறவன் மோதி விழுவான்? ஒல்லியானவனை ஊதினாலே பறந்து போவானே" என்றார் நாவிதர் வேலாண்டி. சொன்ன வேகத்தில் சவரத்தையும் நிறுத்திவிட்டார். அன்று தளபதி ஒரு பக்க மீசையோடுதான் வேலைக்குப் போனார்.

"ஒல்லிதான் வேணும். ஆனால் ஆசான் எடுத்திருக்கிற ஒல்லி சரியில்லை" என்றார் செக்காட்டும் கோனேரி. எந்த ஒல்லி சரி என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் செக்குமாடு படுத்துத் தூங்கிவிட்டது.

சூரக்குட்டி தெருவில் தலை காட்ட முடியவில்லை. கீரை வாங்கப் போனால் கீரைக்காரி யோசனை சொன்னாள். கோயிலுக்குப் போனால் குருக்கள் திருநீறைக் கையில் வைத்துக்கொண்டு, "இடது மூலையில் யாரை நிறுத்தப் போகிறீர், அதைச் சொல்லும் முதலில்" என்றார்.

கடைசியில் விஷயம் சபைக்கு வந்தது. ராஜா அலுத்துப்போய்ச் சொன்னார். "நேற்று பல்லக்குத் தூக்குகிறவர்கள் என்னை நட்ட நடுத்தெருவில் இறக்கி வைத்துவிட்டு வாதம் பண்ணுகிறார்கள். நான் நடந்தே அரண்மனைக்கு வந்தேன்."

மந்திரி அனந்தப்பர் எழுந்தார். ஆசான் பதவியைத் தன் மச்சினனுக்கு வாங்கித்தர வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக ஆசை. "மகாராஜா, ஜனங்களுக்கு இவ்வளவு தெரிந்திருக்கும்போது ஆசானின் யோசனை எதற்கு? ஒருவர் பேச்சையும் விடாமல், ஊர் சொல்கிறபடியே தடுப்பை அமைக்கட்டும். தோற்றால் பதவியை விட்டுப் போகட்டும்."

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா. "சூரக்குட்டி, இனி ஊர்ப்பேச்சுதான் நம் தடுப்பு. தோற்றால் நீர் ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்."

சூரக்குட்டி கணக்குப் போட்டுப் பார்த்தார். குண்டனும் வேண்டும், ஒல்லியும் வேண்டும், ஒரே ஆளே இரண்டாகவும் இருக்க வேண்டும் என்றால் பிரம்மாவிடம்தான் போக வேண்டும். வீட்டுக்குப் போய்த் துணிமூட்டை கட்ட ஆரம்பித்தார். சபைப் புலவர் கச்சபேசர் பின்னாலேயே வந்து, மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ராஜா என்ன சொன்னார்? மறுபடி சொல்லும்."

"ஊர்ப்பேச்சுதான் தடுப்பு என்றார்."

"அதையே செய்துவிடுவோம். ஊரிலேயே ஓயாமல் பேசுகிற ஐந்து பேரை எனக்குப் பிடித்துக் கொடும்."

"அவர்களுக்கு ஆடத் தெரியாதே ஐயா."

"பேசத் தெரியுமல்லவா, போதும்."

திருவிழா நாளில் மைதானத்தைப் பார்த்த கல்லாங்காட்டார் சிரித்தார்கள். வேலாண்டி, கோனேரி, குருக்கள், பல்லக்குக்காரர் இருவர் என ஐந்து பேரும் ஒரு மூலையில் கூடி வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். கல்லாங்காட்டுச் சிங்கம் மாரப்பன், "சடுகுடு சடுகுடு" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தான். பாட்டு நின்றால் ஆள் அவுட் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவன் தொடக் கை நீட்டியபோது வேலாண்டி திரும்பினார்.

"நல்லவேளை, நீங்களே வந்தீங்க. உங்களை மாதிரி ஆளைப் பிடிக்கக் குண்டன் சரியா, ஒல்லி சரியா?"

மாரப்பனிடம் இதுவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அவன் மனசு குளிர்ந்துபோயிற்று. "ரெண்டும் இல்லைங்க, முதல்ல கணுக்காலை..." என்று ஆரம்பித்தான். நடுவர் கையைத் தூக்கினார்.

அடுத்தவன் உஷாராக வந்தான். எதைக் கேட்டாலும் பாட்டை விடவில்லை. கோனேரி குருக்களிடம், "போன வருஷம் இவன் கால் வழுக்கி விழுந்துதானே ஜெயித்தான்?" என்றார்.

"யாரு சொன்னது?" என்று அவன் சீறினான். அவனும் அவுட்.

மூன்றாமவன் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தான். ஐவரும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு தங்களுக்குள் கிசுகிசுத்து, பரிதாபமாகத் தலையை ஆட்டினார்கள். அவனால் தாங்க முடியவில்லை. பஞ்சைப் பிடுங்கிவிட்டு, "என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?" என்றான்.

மீதிப்பேரையும் இப்படியே அனுப்பிவைத்தார்கள். பொற்காவூர் ஜெயித்தது. சூரக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"இது மோசடி. யாரும் யாரையும் பிடிக்கவே இல்லையே" என்றார் அனந்தப்பர்.

கச்சபேசர் கைகூப்பினார். "ஊர்ப்பேச்சுதான் தடுப்பு என்பது மகாராஜாவின் உத்தரவு. பேச்சு தடுத்தது. நாங்கள் உத்தரவை மீறவில்லை."

ராஜா கிரீடம் சரியும்படி சிரித்தார். புலவருக்கு முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். சூரக்குட்டியிடம், "ஒரு வருஷம் உம் இஷ்டப்படி உம் இளவட்டங்களைப் பழக்கும். அதுவரை உமக்கு யோசனை சொல்கிறவன் எவனானாலும் மைதானத்தில் இறங்கி ஆடித்தான் தீர வேண்டும். இது என் ஆணை" என்றார்.

சூரக்குட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். ராஜா அவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் சரி. ஆனால் அந்த இடது மூலையில் நிற்கிறவன் இருக்கிறானே, அவன் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றால்..."

கச்சபேசர் ஆசான் பக்கம் திரும்பினார். "ஆசானே, மகாராஜாவின் இடுப்பு அளவை எடுத்துக்கொள்ளும். கோவணம் தைக்க வேண்டும்."