தாசில்தாருக்கு நார்ச்சத்து

ஆலடிப்பேட்டையில் பருப்பு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்த நான்கு பேருக்கும் அறிவு உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்லவேண்டும். தாராளமாகவே உண்டு. அதை எடுத்துச் செலவழித்ததுதான் கிடையாது. மூட்டை தூக்கும் வெயிலுமுத்து, அதே மூட்டையின் மறுமுனையைத் தூக்கும் சுடலைமணி, பருப்புப் புடைக்கும் பிச்சம்மாள், இவர்களுக்கெல்லாம் மேஸ்திரியான கொம்பையா. இவர்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். வம்பெல்லாம் அதனால்தான் வந்தது.

கிட்டங்கியில் ஐந்தாவதாகவும் ஓர் ஆள் உண்டு. சாம்பல் நிறம், தடித்த வால், எந்நேரமும் துவரம்பருப்பு மூட்டை மேல் தூக்கம். கூப்பிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வார். ஆகவே அந்தப் பூனைக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் அப்படி அமைந்துவிட்டதால், வா போ என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. சாக்கடை ஓரம் குட்டியாகக் கிடந்தவரைத் தூக்கிவந்து, தலைத்துண்டில் சுற்றி வளர்த்தவன் வெயிலுமுத்து. கல்யாணம் ஆகாதவன். அவனுக்குச் சொந்தம், பந்தம், பிள்ளைகுட்டி எல்லாம் அவர்தான்.

அந்தத் தாசில்தாருக்குச் சில நாளாக வயிறு போகவில்லை.

காலையில் கிட்டங்கிக்குப் பின்னால் இருக்கும் மணல் குவியலுக்குப் போவார். குழி பறிப்பார். உட்கார்ந்து, முகத்தைச் சுருக்கிக்கொண்டு தூரத்தில் எதையோ யோசிப்பார். பிறகு ஒன்றுமே விழாத குழியை ஒழுங்காக மூடிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். நாலு பேரும் வேலையைப் போட்டுவிட்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“இன்னைக்கும் இல்லை,” என்று சொல்லி வெயிலுமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

“நாம பாக்கோம்னு கூச்சப்படுதாரோ என்னமோ,” என்றாள் பிச்சம்மாள்.

அது நியாயமாகப் பட்டது. மறுநாள் நாலு பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அப்போதும் பலன் இல்லை.

கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா கூடையை மேசை மேல் வைத்து, தாசில்தாரின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“மலச்சிக்கல்தான். நார்ச்சத்து பத்தலை. மருந்துக்கடையில இசப்கோல்னு உமி மாதிரி ஒரு தூள் இருக்கும். வழக்கமா சாப்பிடுற சாப்பாட்டுல ஒரு சிட்டிகை கலந்து குடுங்க. மருந்து கலந்திருக்குன்னு அதுக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா தொடாது. நிறைய தண்ணியும் குடிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள போயிட்டா நல்லது. இல்லைன்னா இங்க கொண்டுவந்திருங்க. ஆபரேஷன் வரைக்கும் போகவேண்டியிருக்கும்.”

ஆபரேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் வெயிலுமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டான். மேலே விவரம் கேட்பதற்குள், கன்று போடமுடியாமல் தவித்த ஒரு மாட்டைப் பார்க்க டாக்டரம்மா வாசலுக்கு ஓடிவிட்டார்.

பாதி வழியில் கொம்பையா சட்டென்று நின்றார். கூடையை ஒரு மரத்தடியில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, மூன்று பேரையும் தள்ளிக் கூட்டிப்போனார்.

“ஒரு தப்பு நடந்துபோச்சுலே. அவருக்குத் தெரியக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னப்போ அவரு எங்க இருந்தாரு?”

“கூடைக்குள்ள,” என்றான் வெயிலுமுத்து.

“கூடை எங்க இருந்திச்சு?”

“மேசை மேல.”

“அப்போ அவ்வளவையும் கேட்டிருப்பாருல்லா?”

நாலு பேருக்கும் வியர்த்துவிட்டது. பிறகு கொம்பையா ஒரு வழி சொல்ல, எல்லாரும் கூடையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

“டாக்டரம்மா சொன்னது ஒண்ணையும் நாம செய்யப்போறதில்லை, அப்படித்தானே?” என்று சுடலைமணி தெருவே கேட்கும்படி கத்தினான்.

“சத்தியமா செய்யமாட்டோம்!” என்றாள் பிச்சம்மாள்.

“மருந்தா? அப்படின்னா என்ன?” என்றார் கொம்பையா.

வெயிலுமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது. அவன் ஊமையாகத் தலையை மட்டும் ஆட்டினான். தாசில்தார் கூடைக்குள் முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தார்.

“நம்பிட்டாரு,” என்று கொம்பையா காதோடு காதாகச் சொன்னார்.

அதற்குமேல் மருந்தின் பெயரை யாரும் வாயால் சொல்லக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மாமனார் என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. மருந்து வாங்கச் சுடலைமணி போனான். கடைக்காரர் மேசையில் ஒரு வெள்ளைப் பூனை படுத்திருந்தது. பூனைக்குப் பூனை செய்தி போகாமலா இருக்கும்?

“மாமனார் ஒரு டப்பா குடுங்க,” என்றான்.

“மாமனாருக்கு என்ன செய்யுது?”

“மாமனாருக்கு ஒண்ணுமில்லை. தாசில்தாருக்குத்தான் வயிறு போகலை.”

“அதுக்கு மாமனாரை என்னப்பா பண்ணப்போறே?”

“சாப்பாட்டுல கலந்து குடுக்கணும். ஒரு சிட்டிகை போதும்.”

கடைக்காரர் தொலைபேசியை எடுப்பதைப் பார்த்ததும் சுடலைமணிக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டு கையாலும் வெள்ளைப் பூனையின் காதைப் பொத்திக்கொண்டு மருந்தின் பெயரைச் சொன்னான். மருந்தும் வாங்கினான், பூனையிடம் கடியும் வாங்கினான்.

டப்பா வந்தபிறகுதான் பெரிய சிக்கல் எழுந்தது.

“வழக்கமா சாப்பிடுத சாப்பாட்டுலதான் கலக்கணும்னு சொன்னாவ. அவரு வழக்கமா என்ன சாப்பிடுதாரு?” என்று கொம்பையா கேட்டார்.

“எலி,” என்றான் வெயிலுமுத்து பெருமையாக.

“எலியில எப்படிலே கலக்க?”

“மேல தூவிப்போடுவோமே,” என்றான் சுடலைமணி.

“தூவுதது வேற, கலக்குதது வேற. டாக்டரம்மா படிச்சவிய. தூவணும்னா தூவுன்னு சொல்லியிருப்பாவ.”

பிச்சம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். “கலக்கணும்னா எலிக்கு உள்ள போகணும். உள்ள போகணும்னா எலிதான் திங்கணும்.”

இவ்வளவு காலமும் இந்த மூளையை வைத்துக்கொண்டா கல் பொறுக்கினாய் என்பதுபோல் மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“அப்போ எலிக்கும் தெரியக்கூடாதுல்லா?” என்றான் வெயிலுமுத்து.

“கூடவே கூடாது. தெரிஞ்சா அதுவும் தொடாது. போதாக்குறைக்கு அவருகிட்டயும் போய்ச் சொல்லிப்போடும்,” என்றார் கொம்பையா.

“எலி எப்பம் அவருகிட்ட பேசும்?”

“பிடிபடும்போது பேசாமலா இருக்கும்? உயிரு போற நேரத்துல எல்லாத்தையும் சொல்லிரும்லே.”

பிச்சம்மாள் தேங்காயைத் துருவி, வெல்லம் தட்டிப்போட்டு, கருவாட்டை வறுத்துப் பொடித்து, அதில் மாமனாரைக் கலந்து உருண்டை பிடித்தாள். வளைக்கு வளை உருண்டை வைத்தார்கள். டாக்டரம்மா தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தாரே, அதற்காக ஒவ்வொரு உருண்டைக்குப் பக்கத்திலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர். எலி குடிக்கிற தண்ணீரெல்லாம் கடைசியில் தாசில்தார் வயிற்றுக்குத்தானே போகப்போகிறது!

ஆலடிப்பேட்டை எலிகள் பிறந்தது முதல் இப்படி ஒரு உபசாரத்தைக் கண்டதில்லை. பருப்பு மூட்டைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்கில் புதிதாக ஓர் ஓட்டை கிடையாது. வேளாவேளைக்கு உருண்டை, மேலே ஒரு வாய் தண்ணீர். அடுத்த கிட்டங்கியிலிருந்தும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. உடம்பு லேசாகி, மயிர் மினுமினுத்து, உத்தரத்தில் ஓடினால் கண்ணுக்கே தெரியாத வேகம்.

தாசில்தாரோ வயிறு கல்லாகி, மூட்டையை விட்டு இறங்கமாட்டாமல் கிடந்தார். எலிகள் அவர் வாலைத் தாண்டிக் குதித்து விளையாடின. வெயிலுமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க அவன் முகமும் தாசில்தார் முகம்போலவே சுருங்கிக்கொண்டு வந்தது. பொறுக்கமாட்டாமல், நன்றாக மருந்து ஏறிய ஒரு எலியைச் சாக்குப் போட்டுப் பிடித்து அவர் மூக்குக்கு நேரே விட்டான்.

“ஒரே ஒரு வாய், ராசா. எனக்காகச் சாப்பிடுங்க.”

தாசில்தார் எலியைப் பார்த்தார். எலி தாசில்தாரைப் பார்த்தது. பிறகு அது மீசையைத் துடைத்துக்கொண்டு நடந்துபோனது. ஓடக்கூட இல்லை.

வியாழக்கிழமை காலை முதலாளி பால்வண்ணம் வந்தார். மூட்டை மேல், தராசுத் தட்டில், அவர் உட்காரும் நாற்காலியில், எங்கே பார்த்தாலும் எலிப்புழுக்கை.

“என்னவே இது?”

கொம்பையாவுக்கு முகமெல்லாம் பல். “மருந்து வேலை செய்யுது மொதலாளி! எல்லாருக்கும் தாராளமாப் போகுது.”

“யாருக்குவே?”

“எலிகளுக்கு.”

முதலாளி நாற்காலியில் உட்காரப்போய், பார்த்துவிட்டு, உட்காராமல் நின்றார். விவரம் முழுவதையும் கேட்டார். நெற்றி நரம்பு புடைத்தது.

“நாளைக்குக் காலையில வாரேன். பருப்பைத் திங்குத ஒரு உசிரு இந்தக் கிட்டங்கிக்குள்ள இருக்கப்படாது. ஒண்ணு விடாம வெளிய அனுப்பணும். ஒண்ணு மிஞ்சியிருந்தாலும் உங்க நாலு பேருக்கும் வேலை கிடையாது, சொல்லிட்டேன்!”

அவர் வண்டி தெரு முனை திரும்பியதுதான் தாமதம், மூலையிலிருந்து சளப் சளப் என்று சத்தம் கேட்டது. கருவாட்டு வாசம் பொறுக்காமல் தாசில்தார் எப்படியோ இறங்கிப்போய், வளை வாசலில் இருந்த உருண்டையைத் தின்றுகொண்டிருந்தார்.

“ஐயோ! எலிக்கு வச்சதைத் திங்குதாரே!” என்று வெயிலுமுத்து பாய்ந்தான்.

கொம்பையா அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார். “தடுக்காதலே! தடுத்தா ஏன்னு கேப்பாரு. விஷயம் வெளிய வந்திரும்.”

ஆகவே நாலு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒன்றும் நடக்காததுபோல் மழை தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். தாசில்தார் ஒரு உருண்டையை முடித்து, அடுத்த வளைக்குப் போய், சிரட்டைத் தண்ணீரையும் காலி செய்துவிட்டுப் படுத்தார். கடைசி மருந்தும் வீணாகிவிட்டது, இனி ஆபரேஷன்தான் என்று வெயிலுமுத்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதான்.

வெயில் தாழும் நேரத்தில் தாசில்தார் எழுந்தார். மணல் குவியலுக்குப் போனார். குழி பறித்தார். உட்கார்ந்தார். சுவருக்கு மேல் நாலு தலை. அவர் முகம் சுருங்கியது, இன்னும் சுருங்கியது, பிறகு மெல்ல மலர்ந்தது. குழியை மூடிவிட்டு வாலை நிமிர்த்திக்கொண்டு துள்ளி ஓடிவந்தார். மற்றதை வர்ணிக்கவேண்டாம். டாக்டரம்மா பார்த்திருந்தால் மனசு நிறைந்திருக்கும்.

பிச்சம்மாள் குலவை போட்டாள். சுடலைமணி விசிலடித்தான். வெயிலுமுத்து தாசில்தாரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்து, அழுகையும் சிரிப்புமாக உளறினான்.

“எலி ஒண்ணுகூடச் சாப்பிடலையே, பிறகு எப்படிப் போச்சு?” என்றான் சுடலைமணி.

“சுத்தி அத்தனை எலிக்கும் போகுது,” என்றார் கொம்பையா. “பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் வராது?”

வெயிலுமுத்து தன் தூக்குவாளியைத் திறந்தான். மத்தியானம் அழுததில் மிச்சம் வைத்திருந்த நெய்ச்சோற்றைப் பிசைந்து ஊட்டினான். பசியோடு இருந்த தாசில்தார் வாளி பளபளக்கும்வரை நக்கினார். அப்போதுதான் சுடலைமணியின் முகம் மாறியது.

“வெயிலு... சோத்துல என்ன ஊத்தியிருக்கே?”

“பருப்பு.”

மூன்று பேரும் தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஒரு வாய்தானே,” என்றான் வெயிலுமுத்து.

“மொதலாளி வாய்க்கணக்கு சொல்லலை. பருப்பைத் திங்குத ஒரு உசிருன்னுதான் சொன்னாவ. தாசில்தார் வெளிய போகத்தான் வேணும்,” என்றார் கொம்பையா. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

வெயிலுமுத்து தாசில்தாரை இறுகப் பிடித்துக்கொண்டான். ஆபரேஷனிலிருந்து தப்பியவரைத் தெருவில் விடுவதா? திடீரென்று அவன் நிமிர்ந்தான்.

“நானும்தானே இதே சோத்தைத் தின்னேன்? நானும் போகணும்ல்லா?”

கொம்பையா யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் வாய் பிளந்தது. “ஏலே, காலையில எனக்குப் பருப்புத் துவையல்!”

“நான் வடை தின்னேன்,” என்றான் சுடலைமணி.

“நான் புடைக்கும்போது ரெண்டு ரெண்டா வாயில போட்டுக்கிடுவேன்,” என்று பிச்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டாள்.

விஷயம் தெளிவாகிவிட்டது. பாயைச் சுருட்டினார்கள். தூக்குவாளி, முறம், தாசில்தார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பிரியவேண்டியதில்லை என்று ஆனதும் வெயிலுமுத்துவுக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

“எலிகளையும் வெளிய அனுப்பணும்ல்லா?” என்று சுடலைமணி கேட்டான்.

“எதுக்கு? அதுக எங்க பருப்பைத் திங்குது? உருண்டை வச்ச நாள்லயிருந்து ஒரு சாக்கைத் தொட்டிருக்கா, பாரு,” என்றார் கொம்பையா.

போய்ப் பார்த்தார்கள். தொடவில்லைதான். கதவை வெளியே பூட்டினார்கள். உள்ளே இருப்பவர்களிடம் பொறுப்பை ஒப்படைக்காமல் போவது முறையல்ல என்று பட்டதால், சாவியைக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளிவிட்டார்கள். “பத்திரமாப் பாத்துக்கிடுங்க,” என்று பிச்சம்மாள் குனிந்து சொல்லிவிட்டு வந்தாள்.

காலையில் முதலாளி வந்தபோது நாலு பேரும் கிட்டங்கிக்கு எதிர்ப்புறம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுமுத்து மடியில் தாசில்தார் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“சொன்ன வேலை முடிஞ்சுதாவே?”

“முடிஞ்சுது மொதலாளி,” என்றார் கொம்பையா. “பருப்பைத் திங்குத ஒரு உசிரு உள்ள கிடையாது.”

முதலாளி முகம் மலர்ந்தது. “பரவாயில்லையே! சாவியக் குடு, திறந்து பாப்போம்.”

“சாவி எலிகள்கிட்ட இருக்கு.”

முதலாளி பூட்டைப் பார்த்தார். பெரிய கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினார். கொம்பையா முந்திக்கொண்டு குறுக்கே நின்று கையைக் கட்டினார்.

“கோவிச்சுக்கிடாதீய மொதலாளி. காலையில என்ன சாப்பிட்டீய?”

“இட்லியும் சாம்பாரும்! அதுக்கென்னவே இப்போ?”

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெயிலுமுத்துவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தாசில்தாரை எழுப்பாமல் மெதுவாக நகர்ந்து, பாயில் பாதியைத் துண்டால் தட்டிவிட்டான்.

“இப்படி வந்து உக்காருங்க மொதலாளி,” என்றான். “நமக்கெல்லாம் இனிமே உள்ள இடமில்லை.”