ஞானதுரை சாரின் ஒரு பக்கம்

“டீச்சர், என் வீட்டுக்காரியைப் பத்தி நாலு வரி எழுதணும். வர மாட்டேங்குது.”

வந்ததும் வராததுமாக ஞானதுரை இதைத்தான் சொன்னார். வணக்கம்கூட வைக்கவில்லை.

திலகவதி டீச்சர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறவியிலேயே அவருக்குப் பார்வை கிடையாது. அரசுப் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறவர். வயதில் ஞானதுரையைவிடச் சின்னவர்தான்.

“யாரு, ஞானதுரை சாரா? உக்காருங்க. உங்களுக்கு வலது பக்கம் நாற்காலி இருக்கு.”

சனிக்கிழமை சாயங்காலம். ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. மேஜைமேல் திருப்புதல் தேர்வு விடைத்தாள் கட்டு ஒன்று அவிழ்க்காமல் கிடந்தது.

ஞானதுரை உட்கார்ந்தார்.

இந்த ஞானதுரை யார் என்று கேட்டால் உடன்குடி பஜாரே சிரிக்கும். இங்கிலீஷ் டியூஷன் என்றால் அவர்தான். ஏட்டுச் சுரைக்காயை விற்றே மாடி வீடு கட்டிய மனுஷர் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். சும்மா சொல்லக் கூடாது, அவர் கொடுக்கிற நோட்ஸ் அப்படி. கவிதையோ நாடகமோ எது வந்தாலும் அவரிடம் ஒரே அச்சுதான். முதல் பத்தியில் கவிஞரைப் புகழ வேண்டும். இரண்டாவதில் கருப்பொருள், மூன்றாவதில் உவமை உருவகம். கடைசியில், படிப்பவர் நெஞ்சைக் கொள்ளை கொள்கிறார் என்று முடிக்க வேண்டும்.

“கவிதை மாறினா தலைப்பை மாத்துங்கலே. மத்ததைத் தொடாதீங்க.” பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த வேதவாக்கு இது. பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். மார்க்கும் மளமளவென்று விழும்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தான் நாலு வரி வரவில்லை.

“நாளைக்குக் கோயில்ல எஸ்தருக்கு நினைவு ஆராதனை. குடும்பத்துச் சார்பா நான்தான் பேசணும்னு போதகர் சொல்லிட்டாரு.”

“உங்களுக்கு எழுத வரலைன்னா யாரு சார் நம்புவா?”

“ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன், டீச்சர். போதகர்கிட்ட காட்டினேன், பிரமாதம்னாரு. மச்சினன்கிட்ட காட்டினேன், அச்சடிச்சே குடுத்துரலாம்னான். ஆனா எனக்கு அதை வாசிச்சா அழுகை வரல. முப்பது வருசம் கூட வாழ்ந்தவ டீச்சர். ஒரு சொட்டுக் கண்ணீர் வர மாட்டேங்குது.”

“என்கிட்ட எதுக்கு வந்தீங்க?”

ஞானதுரை தரையைப் பார்த்தார்.

“ஊர்ல என் எழுத்தைக் குறை சொன்ன ஒரே ஆளு நீங்கதான்.”

அது உண்மை. ஒரு தடவை விடைத்தாள் திருத்தும் முகாமில் எல்லாரும் அவர் நோட்ஸை மெச்சிக்கொண்டிருந்தபோது, இந்த டீச்சர் மட்டும் பேசாமல் இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “காது வலிக்குது” என்றாராம். அதிலிருந்து ஞானதுரைக்கு அவர் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். திமிர் பிடிச்சவ என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

“தாள் கையில இருக்கா சார்?”

“இருக்கு.” அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். “வாசிக்கட்டுமா?”

“இப்ப வேண்டாம். இந்தக் கட்டை அவிழ்த்து நடுவுல எங்கயாவது செருகுங்க.”

“விடைத்தாளுக்கு நடுவுலயா?”

“ஆமா. எனக்கு வாசிச்சுக் குடுக்கிற தங்கச்சி இன்னைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிட்டா. நீங்க வாசிங்க. உங்க தாளும் அதுபாட்டுக்கு முறை வரும்போது வரட்டும்.”

இது என்ன கூத்து என்று அவருக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். போனால் நாளைக்குக் கோயிலில் அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்க வேண்டும். கட்டை அவிழ்த்தார். நடுவில் செருகினார்.

“வாசிங்க.”

கேள்வி ஒரு நாடகத்தைப் பற்றியது. போருக்குப் போன ஒருவன் பல வருஷம் கழித்து வீடு திரும்புகிறான். கதவைத் திறந்த மனைவி, “பூட்ஸைத் துடைச்சிட்டு உள்ளே வா” என்கிறாள். வேறு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நாடகம் அவ்வளவுதான். அந்த மனைவியின் குணத்தை ஆராய்ந்து எழுதுக என்று கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் எழுதியிருந்தது இங்கிலீஷில். நாம் தமிழிலேயே கேட்போம்.

ஞானதுரை முதல் தாளை வாசித்தார்.

“நாடக ஆசிரியர் உலகப் புகழ் பெற்றவர். மனித மனத்தின் ஆழங்களை அழகுறச் சித்திரிப்பதில் அவருக்கு நிகர் அவரே…”

“ஏழு போடுங்க. அடுத்தது.”

“இன்னும் ரெண்டு பக்கம் இருக்கே, டீச்சர்.”

“அடுத்தது.”

அடுத்ததை எடுத்தார்.

“நாடக ஆசிரியர் உலகப் புகழ் பெற்றவர். மனித மனத்தின்…”

“ஏழு. அடுத்தது.”

“நாடக ஆசிரியர் உலக…”

“ஏழு.”

பத்துக்கு ஏழு மோசமில்லைதான். ஆனாலும் ஞானதுரைக்கு உள்ளே சுருக்கென்றது. வாசிக்கிறது அத்தனையும் அவர் நோட்ஸ். அந்த மனைவி கல்நெஞ்சக்காரி, அன்பை அறியாதவள் என்று அவர் எழுதிக்கொடுத்த வரி வருவதற்குள்ளாகவே டீச்சர் தாளைத் தள்ளிவிடச் சொல்கிறார்.

“எல்லாத்துக்கும் ஒரே மார்க்கா?”

“எல்லாம் ஒரே கட்டுரைதானே சார்.”

அவர் மேற்கொண்டு வாசித்தார். தாள் தாளாகப் புரண்டது. வெளியே விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏழு, அடுத்தது. ஏழு, அடுத்தது.

அவருடைய பக்கம் வந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“அன்னார் அன்பின் உறைவிடம். அடக்கத்தின் இலக்கணம். பொறுமையில் பூமித்தாய்க்கு நிகரான அன்னாரின் வாழ்க்கை நம் அனைவருக்கும் ஒரு பாடமாகத் திகழ்கிறது…”

“ஏழு போடுங்க. அடுத்தது.”

ஞானதுரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“டீச்சர்! இது என் பொஞ்சாதி!”

“அப்படியா?” டீச்சரின் முகம் மாறவே இல்லை. “பேர் வந்துச்சா சார் அதுல?”

“என்ன பேச்சுப் பேசுதீங்க? வராம என்ன…”

தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். அன்னார் இருந்தது. அன்னாரின் பிரிவு இருந்தது. அன்னாரின் ஆன்மா இருந்தது. திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

எஸ்தர் என்ற பெயர் எங்குமே இல்லை.

போதகர் பார்த்திருக்கிறார். எஸ்தருடன் கூடப் பிறந்த தம்பி பார்த்திருக்கிறான். எழுதியவர் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். அவமானமாக இருந்தது. அதைவிட, செத்துப்போனவளுக்குத் துரோகம் பண்ணிவிட்டதாகத் தோன்றியது.

“மிச்சத்தையும் வாசிங்க சார்,” என்றார் டீச்சர். குரல் இப்போது கொஞ்சம் தணிந்திருந்தது.

“என்னால முடியாது, டீச்சர்.”

“எனக்குக் கண்ணில்லை. வாசிச்சுக் குடுக்க வேற ஆளும் இல்லை. வாசிங்க.”

அடுத்த தாளை எடுத்தார். கோணல்மாணலான கையெழுத்து. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, டியூஷனுக்கு வருகிற சபீனா. உலகப் புகழ் பெற்ற நாடக ஆசிரியரைக் காணோம். நோட்ஸே இல்லை. போன மாதம் வகுப்பிலும் இப்படித்தான் ஏதோ எழுதி நீட்டினாள். ‘உன் வீட்டுக் கதையை இங்க யாரு கேட்டா?’ என்று கிழித்துக் கையில் கொடுத்தார். திருந்தவில்லை போலிருக்கிறது.

“இது தேறாது டீச்சர். ஒரே தப்பும் தவறுமா…”

“வாசிங்க.”

வாசித்தார்.

“இந்தப் பொம்பளை கல்நெஞ்சக்காரி என்று சார் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் வாப்பா சவுதியில் இருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது போனவர், நான் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் வந்தார்…”

நிறுத்தினார். வழக்கமாக ‘அடுத்தது’ விழுகிற இடம் எப்போதோ தாண்டிவிட்டது.

“முழுசா வாசிங்க சார்.”

“…வாப்பா வாசலில் வந்து நின்றார். உம்மா அவரைப் பார்த்து, செருப்பை வெளியே விடுங்க என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். உம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சோறு குழைந்துவிட்டது. வெளியிலிருந்து வருகிறவனிடம் செருப்பைக் கழற்று என்று சொல்ல மாட்டோம். விருந்தாளி என்றால் பரவாயில்லை, வாங்க என்போம். நம் வீட்டு ஆளிடம்தான் அப்படிச் சொல்வோம். இந்த நாடகத்தில் அடுப்படியைக் காட்டவில்லை. காட்டியிருந்தால்…”

ஞானதுரையின் குரல் நின்றுவிட்டது.

“எத்தனை போடலாம் சார்?”

ஞானதுரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்?”

“காலைக் கழுவிட்டு வாங்க,” என்றார் ஞானதுரை.

“என்ன சார்?”

“எஸ்தர். அவ அதைத்தான் சொல்லுவா, டீச்சர். டியூஷன் முடிஞ்சு, தொண்டை வத்திப்போய் வீட்டுக்கு வருவேன். சைக்கிள் சத்தம் கேட்டதும் வாசல் நடை லைட்டைப் போடுவா. காலைக் கழுவிட்டு வாங்க. அவ்வளவுதான். உள்ள போயிருவா. நடைப் பக்கத்துல ஒரு பச்சை வாளியில தண்ணியும் சொம்பும் வச்சிருப்பா. மழை பெய்ஞ்சாலும் வச்சிருப்பா.”

டீச்சர் அவர் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு எரிச்சலா வரும். ஒரு மனுசன் நாய்படாத பாடுபட்டுட்டு வாறான், வாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாதா? காலு, காலு, எப்பப் பார்த்தாலும் காலு. வேணும்னே சில நாள் கழுவாம உள்ள போவேன். ஒண்ணும் பேசாமப் பின்னாலயே துணியை எடுத்துட்டு வந்து தரையைத் துடைப்பா.”

மூக்கை உறிஞ்சினார்.

“இந்த நாடகத்துக்கு நோட்ஸ் எழுதினது எங்க வீட்டு முன்ரூம்ல வச்சுத்தான். கல்நெஞ்சக்காரின்னு எழுதுனேன் பாருங்க, அப்ப நான் அவளைத்தான் நெனச்சுக்கிட்டேன், டீச்சர். அவளைத்தான் நெனச்சேன். அதை இத்தனை பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணி…”

முடிக்க முடியவில்லை. சபீனாவின் தாள் நனைந்துவிடாமல் அதை மேஜையில் தள்ளி வைத்தார். தன்னுடைய பக்கத்தை எடுத்துக் கசக்கினார். எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

மைதானத்தில் சத்தம் அடங்கிவிட்டது. வாட்ச்மேன் எங்கோ கேட்டைச் சாத்துவது கேட்டது.

“இப்ப யாரு சார் சொல்லுதா?” என்று கேட்டார் டீச்சர்.

“என்னது?”

“காலைக் கழுவச் சொல்லி.”

ஞானதுரை யாருக்கோ சாட்சி சொல்கிறவரைப் போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“அடக்கம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்தோம். கல்லறைத் தோட்டத்துல முந்தின நாள் மழை. காலு பூரா செம்மண்ணு. நடைப் பக்கத்துல வாளி இருந்துச்சு. அவ ரொப்பி வச்ச தண்ணி, அப்படியே இருந்துச்சு. நான் பார்த்துக்கிட்டே தாண்டி உள்ள போயிட்டேன். ஹால்ல ஒரே மண்ணு. நடந்து நடந்து வீடெல்லாம் மண்ணு. அவ்வளவு சனம் இருந்துச்சு, டீச்சர்.”

கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

“ஒரு ஆளு ஒண்ணும் சொல்லல.”

திலகவதி டீச்சர் மார்க் சொல்லவில்லை. அடுத்தது என்றும் சொல்லவில்லை.