தோரா கேட்டது

ஆயிரம் வருடங்களுக்கு முன்பு, ஆங்கிலேயர் நாட்டின் வடக்குக் கடற்கரையில், ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சிறிய கன்னியர் மடம் இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து டேனியர்கள் ஒருமுறை கப்பல்களில் வந்து அதைக் கொள்ளையடித்தார்கள். பிறகு சமாதானம் ஆயிற்று. டேனியர்களில் பலர் ஆற்றின் அக்கரையில் நிலம் வாங்கி உழ ஆரம்பித்தார்கள்.

ஆறு வருடம் கழித்து, ஒரு காலையில் மடத்து வாசலில் ஒரு டேனியப் பெண் வந்து நின்றாள். பெயர் தோரா. கடல் கடந்து வந்திருந்தாள்.

கதவைத் திறந்தவள் வுல்ப்ரன். அந்தக் கொள்ளையில், இந்த வாசலைக் காத்து நின்ற கணவனைப் பறிகொடுத்துவிட்டு மடத்தில் சேர்ந்தவள். டேனியர் பேச்சும் ஆங்கிலேயர் பேச்சும் நெருங்கியவை. மெதுவாகப் பேசினால் புரியும்.

"என் மகன் கெடில் இந்த வாசலில்தான் செத்தானாம். சின்ன வயதில் நாய் கடித்து அவனுக்கு இடது காது பிளந்திருக்கும். கடைசி நேரத்தில் அவன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா?"

"உட்காருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வுல்ப்ரன் உள்ளே போனாள்.

மடத்துத் தலைவி எட்கிவா தோட்டத்தில் அவரைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"தாயே, ஒரு பொய் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும்."

"யாரிடம்?"

வுல்ப்ரன் வந்தவளைப் பற்றிச் சொன்னாள்.

"பிளந்த காது. ஆமாம், அவனைப் புதைத்தது நாங்கள்தான்" என்றார் எட்கிவா. "பொய் எதற்கு?"

"அவன் பக்கத்தில் இருந்தவள் நான். என் கணவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அதற்குள் அவர் உயிர் போய்விட்டது. இந்தப் பையன் அவருக்கு அருகிலேயே கிடந்தான். தண்ணீர் கேட்டான். அவர்களும் தண்ணீரை நம்மைப் போலத்தான் சொல்கிறார்கள், தாயே. எனக்குப் புரிந்தது. குடம் கையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை."

"எவ்வளவு நேரம் கேட்டான்?"

"ரொம்ப நேரம்."

எட்கிவா கையிலிருந்த களைகளைக் கீழே போட்டார்.

"இத்தனை நாள் இதை யாரிடமும் சொல்லவில்லையா?"

"சொன்னால் என்னை மடத்தில் வைத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று பயந்தேன். இப்போது, கொடுத்தேன் என்று சொன்னால் அந்த அம்மா நிம்மதியாக ஊர் போய்ச் சேருவாள். சொல்லட்டுமா?"

எட்கிவா தன் தலைத்துணியின் நுனியால் வுல்ப்ரனின் முகத்தைத் துடைத்துவிட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை கூடவே நடந்தார். அங்கேயும் பிடியை விடவில்லை.

வுல்ப்ரன் நடந்ததை நடந்தபடியே சொன்னாள்.

தோரா முழுவதும் கேட்டாள். பிறகு எழுந்து, இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றாள்.

வுல்ப்ரனால் அங்கே நிற்க முடியவில்லை. தன் அறைக்குப் போய்த் துணிகளை மூட்டையாகக் கட்டினாள். வெகுநேரம் கழித்து எட்கிவா வந்தார்.

"அந்த அம்மா போய்விட்டாளா?"

"இல்லை. வாசலில்தான் இருக்கிறாள்."

"என்னை மன்னித்துவிட்டாளா, தாயே?"

"நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை."

"பிறகு எதற்காக இருக்கிறாள்?"

எட்கிவா அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். ஒவ்வொரு துணியாக எடுத்து மறுபடி மடித்து வைத்தார்.

"அவன் பதினான்கு வயதில் கப்பல் ஏறினானாம். அதற்குப் பிறகு அவள் அவனைப் பார்க்கவே இல்லை. எவ்வளவு உயரம் வளர்ந்திருந்தான், தாடி முளைத்திருந்ததா, குரல் உடைந்திருந்ததா என்றெல்லாம் கேட்கிறாள். நான் அவனை உயிரோடு பார்த்ததில்லை. அவ்வளவு நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ ஒருத்திதான். வா, வந்து சொல்."