சிவப்பு நின்றுபோன பிரிண்டர்

"டீச்சர், கடைக்கு வர்ற ஆளுங்க ரொம்பப் பேசுதாங்க. அதை நிறுத்த ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார் மிக்கேல்.

சஹிரா தலை நிமிரவில்லை. கழற்றிக்கொண்டிருந்த ஸ்க்ரூவை முழுசாகக் கழற்றி மூடியில் போட்டார்.

"என்ன பேசுதாங்க?"

"சம்பந்தமில்லாத கதை. பேப்பர் மாட்டிக்கிடுச்சுன்னு வருவாங்க. மச்சினன் கல்யாணத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. மெஷின் குழப்பாது டீச்சர். ஆளுங்கதான் குழப்புவாங்க."

மிக்கேலுக்கு ஐம்பத்தேழு வயது. தூத்துக்குடியில் ஒரு நூற்பு மில்லில் இருபத்தொன்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். ஓடுகிற மெஷினின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். மில்லை மூடிவிட்டார்கள். ஒரு வருஷமாக சஹிராவின் கடையில் பிரிண்டர் ரிப்பேர் வேலை கற்றுக்கொள்கிறார்.

சஹிராவுக்கு முப்பத்துநாலு. கடை வைப்பதற்கு முன் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். மிக்கேலும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

சஹிரா எழுந்து போனார். உதிரி சாமான்கள் கிடக்கும் அடுக்கிலிருந்து தூசி படிந்த ஒரு இங்க்ஜெட் பிரிண்டரைத் தூக்கி வந்து மிக்கேல் முன்னால் வைத்தார்.

"இதைப் பாத்தது யாரு?"

"நான்தான். நாலு மாசம் இருக்கும். நீங்க மதுரைக்குப் போயிருந்தீங்க. சிவப்பு மட்டும் வரல. மை ஃபுல்லா இருந்துச்சு. மூணு தடவை கிளீனிங் கொடுத்தேன். அப்பவும் வரல. மை தெளிக்கிற ஹெட்டு போச்சு, இனி புதுசுதான் வாங்கணும்னு சொல்லிட்டேன். அந்தம்மா இதை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சிவப்பு வரலைன்னாங்க."

"அப்புறம்?"

மிக்கேல் யோசித்தார்.

"ஏதோ சொன்னாங்க. ஞாபகம் இல்ல."

"ஞாபகம் வந்ததும் சொல்லுங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் வேற மெஷினைத் தொட வேண்டாம்."

மிக்கேல் சிரித்தார். சஹிரா சிரிக்கவில்லை.

அன்று பகல் முழுக்க மிக்கேல் அந்தப் பிரிண்டரின் முன் உட்கார்ந்திருந்தார்.

பிரிண்டரைப் பற்றி எல்லாம் ஞாபகம் வந்தது. பேப்பர் இழுக்கும்போது கேட்ட கரகரப்பு. இடது மூலையில் இருந்த கீறல். மூன்றாவது கிளீனிங்கில் பம்ப் இரண்டு நொடி கூடுதலாக ஓடியது.

கொண்டுவந்த அம்மாவின் முகம் வரவில்லை. குரலும் வரவில்லை.

பின்பக்கத் தட்டில் ஒரு தாள் மாட்டியிருந்தது. இழுத்தார். கட்டம் கட்டமாக ஒன்பது படங்கள். இட்லி, சட்னி, தண்ணீர் டம்ளர், ஃபேன், போர்வை, ரேடியோ, பாத்ரூம் கதவு, தைலப் பாட்டில். கடைசிக் கட்டத்தில் ஒரு பெண்ணின் முகம்.

எல்லாமே பச்சையும் நீலமுமாக இருந்தது. முகமும் பச்சை.

"அன்னைக்கு இந்தத் தாளைப் பாத்தீங்களா?" என்றார் சஹிரா.

"பாத்தேன். ஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னு நெனச்சேன்."

"கேட்டீங்களா?"

"இல்ல."

மறுநாள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மிக்கேல் டம்ளரைப் பாதியில் கீழே வைத்தார்.

"டீச்சர், அவங்க கையில ஒரு அட்டைப்பெட்டி இருந்துச்சு. மை கார்ட்ரிட்ஜ் வர்ற பெட்டி. 'நேத்துதான்'னு ஆரம்பிச்சாங்க. 'நீங்க விடுங்கம்மா, நான் பாத்துக்கிடுதேன்'னேன்."

"அப்புறம்?"

"மறுபடியும் 'நேத்துதான் அண்ணாச்சி'ன்னாங்க."

"அப்புறம்?"

"நான் கிளீனிங் பட்டனை அமுக்கிட்டேன்."

சஹிரா பிரிண்டரை அவர் பக்கம் நகர்த்தினார்.

மிக்கேல் பிரிண்டரின் மூடியைத் திறந்தார். சிவப்புக் கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

மேல்பக்கம் மெல்லிய மஞ்சள் டேப் ஒன்று ஒட்டியிருந்தது. புதுக் கார்ட்ரிட்ஜில் காற்றுத் துளையை மூடி ஒட்டி அனுப்புவார்கள். உரித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். உரிக்காவிட்டால் காற்று உள்ளே போகாது. நாலைந்து பக்கம் ஓடும், பிறகு மை வராது.

கார்ட்ரிட்ஜில் மை ஃபுல்லாகவே இருந்தது.

மிக்கேல் நகத்தால் டேப்பின் நுனியைத் தூக்கினார். ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதை விரலில் ஒட்டியபடியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹெட்டு போச்சுன்னு சொல்லிட்டேனே டீச்சர்."

"ஆமா."

நாலு மாதம் சும்மா கிடந்ததில் ஹெட் காய்ந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து அடியில் வைத்தார்கள். இரண்டு நாள் ஊறியது. மூன்றாம் நாள் காலையில் டெஸ்ட் பேப்பரில் சிவப்புக் கோடு எங்கேயும் அறுபடாமல் வந்தது.

மிக்கேலால் அதைப் பார்க்க முடியவில்லை.

சஹிரா பழைய ரசீதுக் கட்டிலிருந்து ஒரு விலாசத்தை எழுதிக் கொடுத்தார். சண்முகக்கனி, ரயில்வே கேட் பக்கம்.

"அவங்ககிட்ட என்ன சொல்லட்டும் டீச்சர்?"

சஹிரா பிரிண்டரை மடியில் எடுத்துக்கொள்ளத் தோதாக ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

கதவைத் திறந்த சண்முகக்கனி அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மிக்கேல் அந்த முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி?"

"கெடலம்மா. நான்தான் சரியாப் பாக்கல. ஒரு டேப்பு உரிக்காம இருந்துச்சு. அவ்வளவுதான். தப்பு என்னோடது."

சண்முகக்கனி பிரிண்டரைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை. மிக்கேலே உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. நான் விடல. அது என்னம்மா?"

"அந்த டேப்பைத்தான் கேக்க வந்தேன்" என்றார் சண்முகக்கனி. "நேத்துதான் புதுசு மாட்டினேன், அதுல ஒரு டேப்பு இருக்கு, எடுக்கணுமா வேண்டாமான்னு."

மிக்கேல் நின்றுகொண்டே இருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு ஹார்பர்ல கிரேன் ஓட்டினவரு. பக்கவாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு. வலது கையும் விழுந்துட்டு. படம் போட்டு அட்டை செஞ்சு காட்டுங்க, வேணுங்கிறதை இடது கையால தொடுவாருன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நல்லாத் தொட்டாரு. இட்லியைத் தொட்டாரு. ஃபேனைத் தொட்டாரு. ஒரு நாள்ல பத்துத் தடவை என் முகத்தைத் தொடுவாரு."

சண்முகக்கனி பிரிண்டர்மேல் இருந்த துண்டை எடுத்தார்.

"அந்த அட்டை நைஞ்சுபோச்சு. புதுசு போட்டா எல்லாம் பச்சையா வந்துச்சு. சட்னியைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. என் முகத்தைக் காட்டினேன். யாரோன்னு பாத்தாரு. அதுக்கப்புறம் அட்டையைத் தொடவே இல்ல."

"வெளிய எங்கேயாவது பிரிண்ட் போட்டிருக்கலாமேம்மா…"

"அவரைத் தனியா விட்டுட்டு எங்க போக? அன்னைக்கு உங்க கடைக்கு வந்ததே பக்கத்து வீட்டு அக்காவை உக்கார வச்சுட்டுத்தான். பசிக்கா, தண்ணி வேணுமா, முதுகு வலிக்கான்னு ஒண்ணொண்ணா நானே கேப்பேன். எல்லாத்துக்கும் இல்லைன்னு தலையாட்டுவாரு. என்ன வேணும்னுதான் தெரியாது."

மிக்கேலின் கை வயரைத் தேடி பிளக்கில் சொருகியது. சண்முகக்கனியின் போனில் அந்தப் படங்கள் அப்படியே இருந்தன. பிரிண்டர் முனகிவிட்டுத் தாளை இழுத்தது.

சட்னி சிவப்பாக வந்தது. போர்வைக்குச் சிவப்புக் கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசிக் கட்டத்தில் சண்முகக்கனி, நெற்றியில் குங்குமத்தோடு.

"நல்லா வருதும்மா. எத்தனை அட்டை வேணும்னாலும் இப்பவே போட்டுத் தாரேன்."

சண்முகக்கனி தாளைக் கையில் வாங்கினார். உள்அறைத் திரைச்சீலையை விலக்கினார்.

கட்டிலில் கணவர் மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு கைகளும் போர்வைமேல் வைத்தது வைத்தபடி கிடந்தன. கண் திறந்திருந்தது. அது யாரையும் பார்க்கவில்லை.

"போன மாசம் மறுபடியும் வாதம் வந்துச்சு. இப்ப இந்த இடது கையும் இல்ல."

மிக்கேல் போய்ப் பிரிண்டரை அணைத்தார்.

சண்முகக்கனி தாளை இரண்டாக மடித்தார்.

"நடுவுல அந்த மூணு மாசம் கை நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி."