ஒரு முறம் தவிடும் சிறகுநாகமும்

தளபதி கடம்பனைத் தித்தன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் மீசைக்கு நெய் தடவிக்கொண்டிருந்தார். "சிறகு முளைத்தால் என்ன, பாம்பு பாம்புதானே" என்று சொல்லிவிட்டுக் குன்றேறினார். மறுநாள் காலை அந்தச் சிறகுநாகம் அரண்மனை முற்றத்தில் வந்து இறங்கியது. தளபதியின் வாளால் பல் குத்திக்கொண்டிருந்தது.

"வணக்கம், அப்பா" என்றது அரசனைப் பார்த்து.

செங்கரடு நாட்டு அரசன் செம்மாறனுக்குப் பிள்ளை இல்லை. இளவயதில் வேட்டைக்குப் போனவன் மழைக்கு அந்த நாகத்தின் குகையில் ஒதுங்கினான். நாகம் மான்கறி சுட்டுக் கொடுத்தது. அதற்கு அடுப்பு எதற்கு, ஒரு மூச்சு விட்டால் போதும். வயிறு நிறைந்த அரசன், "எது கேட்டாலும் தருகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். வேறொரு நாகமாக இருந்தால் அன்றைக்கே பொன்னைக் கேட்டிருக்கும். நாகம் காத்திருந்தது. அரசனின் தலை நரைத்து, இனிப் பிள்ளை பிறக்காது என்று ஊர் பேசத் தொடங்கிய பிறகு சொல்லியனுப்பியது: "என்னை மகனாக எடுத்துக்கொள்."

மகனென்றால் பட்டம். நாகத்தின் கணக்கு எளிது. மிரட்டினால் ஊர் ஓடிவிடும். இளவரசன் என்று கும்பிடும் ஊர், ஆடுமாட்டைத் தானே கொண்டுவந்து கட்டும்.

அதற்குப் பதில் சொல்லத்தான் தளபதி போயிருந்தார்.

அரசன் தித்தனைத் தூணோரம் இழுத்தான். தித்தன் அவையில் விகடம் பேசிச் சோறு தின்பவன்.

"வாக்குத் தவற மாட்டேன். நாட்டையும் கொடுக்க மாட்டேன். வழி பண்ணு. இல்லாவிட்டால் அடுத்த பேச்சுவார்த்தைக்கு நீதான்."

"எனக்கு மீசைகூட இல்லையே, அரசே."

"பல் குத்த அதற்கு மீசை வேண்டாம். போ."

தித்தன் கைகூப்பியபடி முற்றத்துக்கு வந்தான்.

"வாருங்கள், இளவரசே. அரசரின் மூக்கு அப்படியே இருக்கிறது."

அரசன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"குழையாதே. பட்டம் சூட்டுவது என்றைக்கு?"

"முதலில் பிள்ளையாக வேண்டும், பிறகுதான் பட்டம். முடி இறக்க வேண்டும்."

"இதோ கொண்டை. வெட்டிக்கொள், வளர்ந்துவிடும்."

"தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும்."

அரசியின் தம்பி மெல்ல நழுவி வாசல் பக்கம் போனான்.

"எனக்குக் காது ஏது? சிறகில் குத்து. மாமாவைக் கூப்பிடு. நான் உட்கார்ந்து எழுந்த பிறகு அவர் இருந்தால் சீர் செய்யட்டும்."

எதைச் சொன்னாலும் மடக்குகிறதே.

"அப்படியானால் தவிடு ஒன்றுதான் பாக்கி" என்றான்.

"தவிடா?"

"எங்கள் நாட்டில் பிறர் பிள்ளையைத் தவிடு கொடுத்துத்தான் வாங்குவோம். பெற்றவள் ஒரு முறம் தவிட்டை வாங்கிக்கொண்டு, 'இனி இவன் உன் பிள்ளை' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அது நடக்காமல் குடிகள் கும்பிட மாட்டார்கள். வந்த விருந்தாளி எப்போது போவார் என்றுதான் கேட்பார்கள்."

"நான் அநாதை. எனக்குத் தாய் கிடையாது."

சொன்ன வேகம் தித்தனுக்குப் பிடித்திருந்தது. பல் குத்திய வாள் அப்படியே நின்றுவிட்டது. மூக்கில் வந்த புகையும் நின்றுவிட்டது.

"அடடா, அது தெரியாமல் நாலு திசைக்கும் ஆள் அனுப்பிவிட்டோமே. மலை மலையாக முரசடித்து, 'உங்கள் பிள்ளை செங்கரட்டில் இருக்கிறான், தவிட்டை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று சொல்லச் சொன்னேன்."

நாகத்தின் கண் வடக்கே போய்த் திரும்பியது.

"அதிலும் வடக்கே போனவன் நல்ல தொண்டைக்காரன்" என்றான் தித்தன்.

"அம்மாவிடமா சொன்னீர்கள்?" நாகத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு முறம் என்றா சொன்னான்?"

"குறைச்சல் என்றால் இரண்டு முறமாகத் தருகிறோம்."

"முட்டாளே, அவள் வாலைச் சுருட்டி உட்கார்ந்தால் இந்தக் கோட்டை அதற்குள் அடங்கும். சொல்லாமல் ஓடிவந்தவன் நான். தவிட்டுக்கு விலைபோனேன் என்று தெரிந்தால்..."

"வரட்டும். நல்லநாளும் அதுவுமாகப் பெற்ற தாய் பக்கத்தில் இருப்பதுதானே அழகு?"

நாகம் சிறகை விரித்தது.

"அரசர் வாக்கு என்ன ஆவது?" என்று தித்தன் பின்னாலேயே ஓடினான். "அம்மா கேட்டால் என்ன சொல்ல?"

"வாக்கும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் கேட்டால் என்னைப் பார்க்கவே இல்லை என்று சொல்."

தெற்கே பறந்து புள்ளியாகி மறைந்தது.

அரசன் தூண் மறைவிலிருந்து மெல்ல வெளியே வந்தான். "வடக்கே யாரை அனுப்பினாய்?"

"யார் போவார்கள், அரசே? ஒருவரையும் அனுப்பவில்லை."

"பிறகு, அது தாய்க்குப் பயப்படும் என்று எப்படித் தெரிந்தது?"

"புத்தி அவ்வளவு கோணலாக இருந்தது. அம்மாவின் அடிக்குத் தப்பித் தப்பி வளர்ந்தால்தான் அப்படிக் கோணும். எனக்கும் அப்படித்தான் கோணியது."

அரசன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அரசி அவனைவிட அதிகம் சிரித்தாள். தித்தனுக்கு ஆற்றோரம் நல்ல நஞ்சை நிலம் கிடைத்தது.

அவசரமாகப் பறந்ததில் நாகத்தின் செதில் ஒன்று முற்றத்தில் உதிர்ந்து கிடந்தது. அரசி அதைக் கழுவி எடுத்துக்கொண்டாள். அரண்மனை மாடியில் மோர்மிளகாய் அதில்தான் காய்கிறது.