பூசியவர் யார்?

முன்னொரு காலத்தில் பவளத்துறை நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். மனம் குளிர்ந்தால் ஒரு ஊரையே எழுதிக்கொடுப்பான். கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்க மாட்டான். அவனுடைய அமைச்சர் கூத்தநம்பி. துறைமுகத்தில் வந்திறங்கும் எந்தத் தேசத்து வணிகரோடும் அவரவர் பாஷையிலேயே பேசுவார். அது பொறுக்காத ஒருவன் சபையில் இருந்தான். அவன் பெயர் வச்சிரதரன், அரண்மனை அதிகாரி.

ஒருநாள் ராஜாவின் முத்திரை மோதிரம் காணாமல் போனது. "காலையில் உங்கள் அறைக்குள் போய்வந்தவள் வெள்ளையம்மைதான்" என்று வச்சிரதரன் காதைக் கடித்தான். வெள்ளையம்மை வேறு யாருமில்லை, பிறந்ததுமே தாயை இழந்த ராஜாவுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். ராஜா யோசிக்கவே இல்லை. அவள் தலையை மழித்து, முகத்தில் கரி பூசி, ராஜவீதி முழுக்க நடத்திக்கொண்டு போனார்கள். "நான் எடுக்கலையே, நான் எடுக்கலையே" என்று கோயில் வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள். அதற்கப்புறம் அவள் வாய் திறக்கவில்லை.

சில நாள் கழித்து மோதிரம் ராஜாவின் மெத்தைக்கடியிலேயே கிடைத்தது.

ராஜா பதறிப்போனான். பட்டும் பழமும் கறவை மாடும் அவள் வீட்டுக்கு அனுப்பினான். ஊர் பார்த்தால் தனக்குக் குறைவு என்று எல்லாவற்றையும் கொல்லைப்புறமாகவே அனுப்பினான். அவள் எதையும் தொடவில்லை. யாரோடும் பேசவில்லை. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் சபையில் கேட்டான்: "அவமானம் என்ற சொல் தமிழில் மகா கனமாக இருக்கிறது. அது லேசாக இருக்கும் பாஷை ஏதாவது உண்டா? இருந்தால் அந்தப் பாஷையில் வெள்ளையம்மைக்கு ஆறுதல் சொல்லி அனுப்புவேன்."

வச்சிரதரன் எழுந்தான். "நம் அமைச்சருக்குத் தெரியாத பாஷையா, மன்னா! அவரே கண்டுபிடிக்கட்டும். முடியாவிட்டால் அந்த நாற்காலியில் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்?"

"சரியான பேச்சு! போய்க் கண்டுபிடித்து வாரும். இல்லாவிட்டால் பதவி போயிற்று" என்றான் ராஜா.

கூத்தநம்பி முதலில் வெள்ளையம்மை வீட்டுக்குத்தான் போனார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கழுவிக் கழுவிக் கன்னத்தோல் உரிந்து சிவந்திருந்தது. கரி என்றோ போய்விட்டது. அவள்தான் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தாயே" என்றார். அங்கிருந்து துறைமுகத்துக்கு நடந்தார்.

பாரசீகக் குதிரை வியாபாரியைக் கேட்டார். "ஆப் என்றால் தண்ணீர், ரூ என்றால் முகம். ஆப்ரூ என்போம், முகத்து நீர். மானம் கெட்டால் அந்த நீர் போய்விட்டது என்போம்" என்றவன், தன் குதிரையின் பிடரியைத் தடவியபடி, "என் தகப்பனாருக்குப் போயிற்று. அதற்கப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை" என்றான். தெலுங்கு நாட்டு வணிகர், "எங்கள் பக்கம் முகம் செல்லாது என்போம், ஐயா. செல்லாத காசை எந்தக் கடையில் வாங்குவார்கள்?" என்றார். சீனத்துப் பட்டு வியாபாரி, "முகத்தைத் தொலைத்துவிட்டேன் என்போம்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

லேசான சொல் ஒன்றுகூட இல்லை. எல்லோருக்கும் அது முகத்தில்தான் விழுந்திருந்தது. கூத்தநம்பி வீதியில் திரும்பி நடந்தார். ஆனால் அந்தப் பேச்சுகளில் ஒரு விஷயம் அவரை உறுத்தியது.

மறுநாள் சபையில் மூன்று பாஷையையும் சொல்லிக் காட்டினார். "ஆக, லேசான சொல் கிடைக்கவில்லை!" என்று வச்சிரதரன் சிரித்தான்.

"இல்லைதான். ஆனால் ஒரு இலக்கணச் சந்தேகம் வந்திருக்கிறது. மன்னர்தான் தீர்க்க வேண்டும்" என்றார் கூத்தநம்பி.

ராஜாவுக்கு இலக்கணம் என்றால் கொள்ளை ஆசை. "கேளும், கேளும்!"

"நீர் போனது, முகம் செல்லவில்லை, முகம் தொலைந்தது. எல்லாம் தானாக நடந்ததுபோல் இருக்கிறது. இதைச் செய்த ஆள் எந்தச் சொல்லிலும் இல்லை. நாமும் மானம் போச்சு என்றுதான் சொல்கிறோம். ஆனால் 'முகத்தில் கரி பூசினார்' என்றும் நம் தமிழில் சொல்கிறோமே, அதில் பூசினார் என்ற வினைக்கு எழுவாய் எது, மன்னா?"

"பூசியவர் எவரோ, அவர்தான் எழுவாய்."

"வெள்ளையம்மை முகத்தில் கரி பூசினார். இதற்கு?"

வச்சிரதரன் முந்திக்கொண்டு, "காவலன்தான் பூசினான்! அவன் பெயரைப் போட்டால் முடிந்தது" என்றான்.

"காவலன் கை பூசியது. யார் பூசினார்?" என்றார் கூத்தநம்பி.

ராஜா தலை குனிந்தான். "நான்" என்றான்.

"அந்த ஒரு சொல்தான் அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, மன்னா. அவமானம் ராஜவீதியில் போனது. ஆறுதலைக் கொல்லைப்புறமாக அனுப்பிவிட்டோம்."

ராஜா கிரீடத்தைக் கழற்றிச் சிம்மாசனத்தில் வைத்தான். வச்சிரதரனைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. "கொண்டு வாருங்கள் கரியை! இவன் முகத்தில்..."

"வேண்டாம்" என்று கூத்தநம்பி குறுக்கே வந்து நின்றார். "எனக்குப் பரிசு கொடுக்க நினைத்தால் இதைக் கொடுங்கள். இந்த நாட்டில் இனி யார் முகத்திலும் கை வைக்க வேண்டாம்."

வச்சிரதரனுக்குப் பதவி மட்டும் போனது. தன்னைக் காப்பாற்றியவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவன் வெளியேறினான்.

ராஜா செருப்பில்லாமல் ராஜவீதியில் நடந்தான். ஊரே பின்னால் திரண்டது. வெள்ளையம்மை வீட்டு வாசலில் நின்று, தெருக்கோடிவரை கேட்கும்படி, "அம்மா, நீ எடுக்கவில்லை. உன் முகத்தில் கரி பூசியவன் நான்" என்றான்.

நெடுநேரம் கதவு திறக்கவில்லை. பிறகு அவள் வந்தாள். அரையங்குலம் முளைத்திருந்த நரைமுடியை முந்தானையால் மூடவில்லை. ராஜா காலில் விழுந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைத்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் கேட்டுதா?" என்றாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

"கேட்டுது, ஆத்தா" என்றார்கள்.

உள்ளே போய்க் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கரி பூசிய நாளிலிருந்து அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீரைத்தான் அவள் குடித்துவந்தாள். "அப்போ நான் கிணத்தடிக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு, விழுந்து கிடந்த ராஜாவைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது.

அதற்கப்புறம் கோளரிவர்மன் நெடுங்காலம் நல்லபடியாகவே நாட்டை ஆண்டான். வெள்ளையம்மை மட்டும் கடைசிவரை அரண்மனைப் பக்கம் வரவில்லை. கூப்பிட்டு ஆள் அனுப்பலாமா என்று ராஜா கேட்டபோதெல்லாம், கூத்தநம்பி வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.